முதல் காலடிக்கு ஒரு கறுத்த ஆள்

டிசம்பர் முப்பத்தோராம் திகதி, காலை ஆறு மணி பத்து நிமிடம். முன் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு சிவப்புத் துணி. கால்மிதிக்கு ஓரடி தள்ளி, நீல விளிம்பு வைத்த எனாமல் தட்டின்மேல் அது விரித்துக் கிடந்தது. காற்றில் ஒரு மூலை மடிந்திருந்தது. அந்த மூலையால் உள்ளே இருந்த கரிக்கட்டி தெரிந்தது.

என் மனைவி எனக்குப் பின்னால் வாளியோடு நின்றாள். கறிவேப்பிலைச் சாடிக்குத் தண்ணீர் விட வந்தவள்.

“தொடாதேங்கோ,” என்றாள்.

செருப்பின் நுனியால் துணியை விலக்கினேன். தட்டில் நான்கு பொருட்கள் இருந்தன. உள்ளங்கையளவு கரிக்கட்டி. வெள்ளைச் சீலைத் துண்டில் முடிந்து நூலால் கட்டிய ஒரு சிறு பொட்டலம். முடிச்சின் ஓரத்தில் சிந்தியிருந்ததைப் பார்த்தால் உப்பு. பிளாஸ்டிக் தாளில் சுற்றிய, கறுத்த நிறத்தில் ஏதோ ஒரு தின்பண்டம். விரல் நீளத்தில் ஒரு விஸ்கிப் போத்தல்.

“தேசிக்காய் இருக்கோ?” செய்வினையென்றால் எலுமிச்சை இருக்கும் என்பது அவள் கணக்கு.

“இல்லை. விஸ்கி இருக்கு.”

“விஸ்கியோ? ஆருக்கு?”

“எனக்கெண்டால் பெரிய போத்தலா வைச்சிருப்பினம்.”

அவள் சிரிக்கவில்லை. “பகிடி விடாதேங்கோ. கரி, உப்பு, சிவப்புச் சீலை. அதுவும் துடக்கு வீட்டு வாசலிலை. ஆரோ தெரிஞ்சுதான் வைச்சிருக்கினம்.”

ரொறன்ரோவில் என் சித்தப்பா இறந்து அன்று பத்தாம் நாள். தந்தை வழியில் ஒருவர் இறந்தால் எங்களுக்கு முப்பத்தோரு நாள் துடக்கு. எந்தக் கண்டத்தில் இறந்தாலும் அது உலகத்தின் தெற்கு மூலையில் நாங்கள் இருக்கும் கிளென் வேவர்லிக்கு வந்துவிடும். சாமியறைக் கதவு சாத்தியிருந்தது. விளக்கு இல்லை, மணி இல்லை, கோயில் இல்லை, பிறர் வீட்டு நல்ல காரியத்துக்குப் போவதில்லை. இதில் உனக்கு எவ்வளவு நம்பிக்கை என்று யாராவது கேட்டால் நான் நேராகப் பதில் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பத்து நாளும் நான் எங்கும் போகவில்லை.

“வெள்ளைக்காரருக்கு உது தெரியாது,” என்றாள் மனைவி. “இது எங்கடையாக்கள் செய்த வேலை.”

அவளிடம் ஒரு பெயரும் இருந்தது. பின் தெருவில் இருக்கும் ஒரு பெண்மணி. மகள்மாரின் நடன அரங்கேற்றத்துக்கு ஒரே மண்டபத்தை ஒரே நாளில் கேட்டதில் எங்களோடு முறுகிக்கொண்டவர். சான்று என்ன என்று கேட்டேன். அவர் போன மாதம் கடையில் கண்டும் காணாததுபோலப் போனார் என்பதுதான் சான்று. பழைய பத்திரிகைக்காரனாக, அதை வைத்து ஒரு செய்தியும் எழுத முடியாது என்றேன். “நான் செய்தி எழுதேல்லை, வீட்டைக் காப்பாத்துறன்,” என்றாள்.

அவள் உள்ளே போய் உடுப்புக் கூடையைக் கொண்டுவந்து தட்டின்மேல் கவிழ்த்து வைத்தாள். காகமோ மக்பைப் பறவையோ கரியைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டுக் கூரையில் போட்டுவிடக்கூடாது என்பது காரணம்.

ஒன்பது மணிக்கு நான் தபால் பெட்டியைப் பார்க்க வெளியே போனபோது பக்கத்து வீட்டு அம்மா தன் வேலிப் பக்கம் நின்றார். எழுபத்தொன்பது வயது. இங்கிலாந்தின் வடக்கே ஒரு நிலக்கரி ஊரிலிருந்து கணவரோடு கப்பலில் வந்தவர். வந்து ஏறக்குறைய அறுபது வருடம். அவர் என் வாசலைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“நல்ல வேலை செய்தீர்கள். மக்பை கொத்திவிடும் என்று பயந்தேன்,” என்றார் ஆங்கிலத்தில். “அப்போ நாளைக்கு ஏழு மணி. முன் கதவு. மறக்கவேண்டாம், கரியை வைக்கும்வரை பேசக்கூடாது.”

நான் தலையாட்டினேன். விளங்காத இடத்தில் தலையாட்டுவது இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடத்தில் பிடித்த பழக்கம். முப்பது வருடமாகியும் போகவில்லை. அவர் திருப்தியோடு உள்ளே போய்விட்டார்.

தட்டை வைத்தது யார் என்பது தெரிந்துவிட்டது. ஏன் என்பது தெரியவில்லை. அதனால் என் சந்தேகம் குறையவில்லை, இடம் மாறியது. அந்த மாதம் முழுவதும் அவர் என்னைப் பார்த்த விதம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

முதல் வாரம், குப்பைத் தொட்டிகளை வெளியே வைத்தபோது, என் உயரம் என்ன என்று கேட்டார். ஐந்தடி பத்து என்றேன். அவர் தன் முன் கதவைத் திரும்பிப் பார்த்தார். இரண்டாம் வாரம் நான் வெறுங்காலோடு கார் கழுவிக்கொண்டிருந்தேன். சீமெந்தில் பதிந்த என் ஈரக் காலடியைக் குனிந்து பார்த்து, “நல்ல வளைவு,” என்றார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன் பழக்கலவை வைத்துச் சுட்ட சிறிய பலகாரங்கள் கொண்டுவந்தார். எங்களுக்காக மாட்டுக் கொழுப்பு சேர்க்காமல் தனியாகச் செய்திருந்தார். அதை ஒவ்வொரு வருடமும் மறக்காமல் செய்வார். கொடுக்கும்போது என் புருவங்களுக்கு நடுவே உற்றுப் பார்த்தார். துடக்கென்றபடியால் அன்று நான் திருநீறு பூசியிருக்கவில்லை. அதைத்தான் கவனிக்கிறார் என்று நினைத்தேன்.

எங்கள் வேலியோரம் அனுமதி எடுக்காமல் வைத்த ஒரு தகரக் கொட்டில் இருக்கிறது. உயரக் கேள்வியிலிருந்தே நான் அதை வைத்துத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் நகரசபைக்கு எழுதப் போகிறார் என்று முடிவு செய்து, உரையாடல்களின் நாளையும் நேரத்தையும் குறித்தும் வைத்திருந்தேன். காலடியும் புருவமும் அந்தக் கணக்குக்குள் வரவில்லை. வராததை ஒதுக்கிவைத்திருந்தேன்.

மகள் பத்தரைக்கு எழும்பி வந்தாள். பல்கலைக்கழக விடுமுறை. கோப்பிக் கோப்பையோடு வாசலுக்குப் போனவள் கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஓ நோ,” என்றாள்.

“என்ன ஓ நோ?” என்றாள் தாய்.

“சொறி அம்மா. ஐ டோட்டலி ஃபர்கொட். அந்த அன்ரி லாஸ்ட் வீக் என்னட்டைக் கேட்டவ. அப்பா செய்வார் எண்டு நான் சொல்லிட்டன்.”

“என்னத்தைச் செய்வார்?”

அவள் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான். அவர்கள் ஊரில் புது வருடத்தில் ஒரு வீட்டுக்குள் முதலில் காலெடுத்து வைப்பவர் யார் என்பதுதான் அந்த வருடத்தைத் தீர்மானிக்கும். அவர் ஆணாக இருக்கவேண்டும். உயரமாக இருக்கவேண்டும். தலைமயிர் கறுப்பாக இருக்கவேண்டும். தட்டைப் பாதம் கூடாது, புருவங்கள் சேர்ந்திருக்கக் கூடாது. கையில் கரி, உப்பு, கேக், சாராயம் கொண்டு வரவேண்டும். அவை வீட்டுக்கு வெளியேயிருந்து வந்தால்தான் செல்லும் என்பதால் முதல் நாளே வெளியே அனுப்பிவிடுகிறார்கள். முறைப்படி நள்ளிரவில் நடப்பது. ஆனால் பக்கத்து வீட்டு ஐயா எட்டு மணிக்கே மருந்து போட்டுவிட்டுப் படுத்துவிடுவார். அவருக்காகக் கதவைத் திறக்காமல் வைத்திருந்து காலையில் செய்வார்களாம்.

“டோல், டார்க் அண்ட் ஹான்ட்ஸம் வேணுமாம்,” என்றாள் மகள். “மூண்டிலை ரெண்டு இருக்கு எண்டு சொன்னனான்.”

“எந்த ரெண்டு?”

“அதை விடுங்கோ. கறுத்த மயிர் சாயப் பெட்டியிலை வாறதெண்டு நான் சொல்லேல்லை. யு ஓ மீ.”

அதன்பின் அவள் முகம் மாறியது. “பட் அப்பா, கறுத்த ஆள் எண்டு உங்களைக் கூப்பிடுறது கொஞ்சம்… யு நோ. இட்ஸ் வியேர்ட், இல்லையோ?”

எனக்கும் அதுதான் தோன்றியது. வெள்ளையர் ஒருவர் என் நிறத்தைக் காரணம் காட்டி எனக்கு ஒரு வேலை தரும்போது நான் இரண்டாம் முறை வாசிப்பேன். அந்த ஊரில் இந்த வழக்கம் தொடங்கியபோது கறுப்பு என்று சொன்னது அவர்களுக்குள்ளேயே கறுத்த மயிர்க்காரரைத்தான் என்பது விளங்கியது. ஆனால் இங்கே வந்த பிறகு? பன்னிரண்டு வருடம் பக்கத்தில் இருந்தும் அதுவரை என்னை அவர்கள் வீட்டு விருந்துக்கு அழைத்ததில்லை. அவர்களுடைய கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாட்டை வேலிக்கு மேலால் பார்த்திருக்கிறேன்: முப்பத்தாறு பாகை வெயிலில் தலையில் காகித முடியோடு இருந்து, கொதிக்கும் புடிங்மேல் பிராந்தி ஊற்றிக் கொளுத்துவார்கள். பனிக்காலத்துக்கென்று உண்டான சடங்கு ஒன்றையும் அவர்கள் மாற்றவில்லை. மாற்றாமல் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தை நம்பினால் முழுதாக நம்புவார்கள். அதுதான் எனக்குப் பயம். நல்லது நடந்தால் அது என் மயிரின் நிறத்தால் நடந்ததாக இருக்கும். கெட்டது நடந்தால் தோலின் நிறம் நினைவுக்கு வரும்.

“ஏன் இந்த வருசம் இவரைப் பிடிச்சவ?” என்று மனைவி கேட்டாள். சரியான கேள்வி.

“அந்த அங்கிளுக்கு ஹார்ட் ஒப்பரேஷன். ஜனவரி எட்டு.”

மனைவி கதிரையில் இருந்துவிட்டாள். “கேட்டீங்களே. துடக்கோடை போய் ஒரு உயிரிலை விளையாடப் போறீங்களோ? ஏலாதெண்டு சொல்லுங்கோ.”

சொல்வதற்கு முன் அவள் கோயில் ஐயருக்குப் போன் எடுத்தாள். ஐயர் நெடுஞ்சாலையில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் குரல் ஸ்பீக்கரில் வந்தது. “அம்மா, அது வேற சமயம். அவைக்கு எங்கடை துடக்குப் பிடியாது. தாராளமாப் போகட்டும். ஹலோ? கேக்குதோ?”

மனைவி போனை வைத்தாள். “அவர் எக்ஸிற் தேடிக்கொண்டு சொன்ன பதில் அது. இருந்து யோசிச்சுச் சொன்னதில்லை.”

பிற்பகல் மூன்று மணிக்கு மறுப்புச் சொல்லப் போனேன். வழியில் வசனத்தைத் தயாரித்திருந்தேன்: எங்கள் குடும்பத்தில் ஒரு மரணம், எங்கள் முறைப்படி வரமுடியாது, மன்னிக்கவேண்டும். எட்டுச் சொல், குறைசொல்ல இடமில்லை. பின் கதவால் கூப்பிட்டேன். அந்த அம்மா சமையலறையில் வெள்ளிக் கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூடத்தில் தொலைக்காட்சி உரத்துக் கேட்டது; ஐயா அங்கே இருந்தார்.

நான் வசனத்தைச் சொன்னேன். அவர் கரண்டியை வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார். நான் எதிர்பாராத கேள்விகளைக் கேட்டார். எத்தனை நாள்? சொந்தம் எந்த வழி? போகிற வீட்டில் அது ஒட்டுமா, போகிறவரோடு திரும்பிவிடுமா? சிரித்துத் தள்ளிவிடுவார் என்றுதான் நினைத்திருந்தேன். சிரித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

நானும் கேட்டேன். முந்தி யார் வந்தார்? எதிர் வீட்டுக் கிரேக்கர், முப்பது வருடத்துக்கு மேல். அவர் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். போன வருடம்? மருமகன். அவன் இறால் பெட்டியோடு விடியற்காலை முன் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வந்துவிட்டான். வைக்கோல் நிற மயிர். மார்ச் மாதம் ஐயா விளையாட்டுக் கழகப் புல்வெளியில் விழுந்தார்.

“கிரேக்கர் வந்த முப்பது வருடத்தில் கெட்டது ஒன்றும் நடக்கவில்லையா?”

“ஒரு பிள்ளையை இழந்தோம்,” என்றார் அவர். “அந்த வருடம் கிரேக்கர் ஊருக்குப் போயிருந்தார் என்று இவர் சொல்வார். போயிருந்தாரா என்று எனக்கு நினைவில்லை.”

இந்த மாதிரிக் கணக்கு எனக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டிலும் இப்படித்தான் நடக்கும். நடந்ததை முதலில் வைத்துக்கொண்டு காரணத்தைப் பிறகு தேடுவது.

நான் பேசிக்கொண்டிருந்தபோது குளிர்சாதனப் பெட்டிக் கதவைப் பார்த்தேன். காந்தத்தால் ஒட்டிய ஒரு மருத்துவமனைப் படிவம். பிறருடைய கடிதத்தைத் தூரத்தில் நின்று வாசிப்பது பழைய தொழில் பழக்கம். பெயர், திகதி, நேரம் எல்லாம் நிரப்பியிருந்தது. கீழே கையெழுத்துக் கோடு வெறுமையாக இருந்தது.

அவர் என் பார்வையைப் பிடித்துவிட்டார். எழுந்து கூடத்துக் கதவைச் சாத்தினார். என்னைப் பின்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“நான் இதை நம்புகிறேன் என்று நினைத்தீர்களா?” என்றார். “நான் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. அறுபது வருடமாக இது எனக்குத் தலையிடி. இவருடைய அம்மா இவருக்குள் வைத்தது. அப்பா சுரங்கத்தில் இருந்தார். ஒவ்வொரு வருடமும் கரியோடு கதவைத் தட்டியவர் யார் என்பதை அந்த வீட்டில் எல்லோரும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். இவர் வெளியே பகிடி விடுவார். ஆனால் மருமகனோடு இரண்டு மாதம் பேசவில்லை. வைத்தியர் கையெழுத்துக் கேட்டபோது, புது வருடம் எப்படித் தொடங்குகிறது என்று பார்ப்போம் என்றார். பிழையாகத் தொடங்கினால் கத்திக்குப் படுக்கமாட்டாராம்.”

“படுக்காவிட்டால்?”

“வைத்தியர் குளிர்காலம் வரை என்கிறார். அதற்குப் பிறகு சொல்லத் தெரியாது என்கிறார்.”

நான் வேலியோரத்துத் தகரக் கொட்டிலைப் பார்த்தேன்.

“உங்கள் சித்தப்பாவுக்காக வருந்துகிறேன்,” என்றார். “தயவுசெய்து வாருங்கள். அவரிடம் மட்டும் அதைச் சொல்லவேண்டாம்.”

வேலியைச் சுற்றி வீட்டுக்கு வர நாற்பது அடிதான். அந்த நாற்பது அடியில் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. கால் வளைவையும் புருவத்தையும் ஒரு மாதமாகச் சோதித்தவர் கடைசியில் என் வாயையும் பூட்டச் சொல்கிறார். நம்பாதவர் நம்புபவருக்காக என்னை ஏற்பாடு செய்கிறார். நம்புவதாக ஒத்துக்கொள்ளாத நான் என் மனைவிக்காக மறுக்கிறேன். இந்த விஷயத்தில் சொல்லுக்குச் சொல் நேராக இருந்தது இறால் பெட்டியோடு வந்த மருமகன் ஒருவன்தான்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படிவத்தையும் சொன்னேன்.

“கையெழுத்து வைக்கேல்லையோ?”

“இல்லை.”

“விசர் மனிசன்,” என்றாள். சற்று நேரம் குசினி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். “நான் போங்கோ எண்டும் சொல்லமாட்டன், போகாதேங்கோ எண்டும் சொல்லமாட்டன். பிறகு என்னைக் கேக்கக்கூடாது.”

மறுநாள் காலை ஆறு மணிக்குக் குளியலறையில் ஒரு வாளி மஞ்சள் தண்ணீரும் தோய்த்து உலர்த்திய வேட்டியும் வைத்திருந்தாள். வேட்டியை விட்டுவிட்டுக் காற்சட்டை போட்டேன். மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினேன்.

ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் தட்டோடு அவர்கள் முன் கதவில் நின்றேன். மூன்று முறை தட்டினேன். அந்த அம்மா திறந்தார். நல்ல பச்சைச் சட்டை, கழுத்தில் முத்துமாலை. அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. வலது காலை எடுத்து வைத்தேன். அது அவர்கள் முறையல்ல, என் கால் தானாகச் செய்தது. கூடத்தின் கோடியில் பக்கத்து வீட்டு ஐயா நின்றார். எண்பத்தொரு வயது. உயரமான ஆள், இப்போது சுருங்கியிருந்தார். மழித்த கன்னம், கழுவி வாரிய வெள்ளை மயிர், இரவு உடுப்புக்கு மேல் கோட்டு. நான் உள்ளே வருவதை அவர் என் பாதத்திலிருந்து தலைவரை பார்த்தார்.

அந்த வீட்டில் நெருப்பு மூட்டும் அடுப்பு இல்லை. எரிவாயு ஹீட்டரின் முன்னால் ஒரு பழைய இரும்புத் தட்டு வைத்திருந்தார்கள். அதில் கரியை வைத்தேன். உப்பையும் கேக்கையும் மேசையில் வைத்தேன். போத்தலை அவர் கையில் கொடுத்தேன். புது வருட வாழ்த்துச் சொன்னேன்.

“உனக்கும், லாட்,” என்றார். என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அவர்கள் ஊரில் பொடியன் என்று பொருள். அறுபத்திரண்டு வயதில் என்னைப் பொடியன் என்று கூப்பிட வேறு ஆள் இல்லை. போத்தலைத் திறந்து சிறு கிண்ணங்களில் ஊற்றினார். பிறகு கேட்டார்: “வீட்டில் எல்லோரும் சுகமா?”

அந்த அம்மா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் சொன்ன பதில் இது: “மனைவியும் மகளும் நல்ல சுகம்.” அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. இப்படி எழுதித் தப்பிக்கப் பதினாறு வருடம் பயின்றவன் நான். மற்றவர்கள் இப்படி எழுதினால் கண்டுபிடிக்கவும் பயின்றவன்.

அவர் கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

“உங்கள் வீட்டு மணி எனக்குக் கேட்கும்,” என்றார். “காலை ஆறரைக்கு. குளியலறை யன்னல் திறந்திருந்தால் நன்றாகக் கேட்கும். பன்னிரண்டு வருடமாக அதைக் கேட்டுத்தான் எழும்புகிறேன், அலாரம் வைப்பதில்லை. இருபத்திரண்டாம் திகதி கேட்டது. இருபத்து மூன்றிலிருந்து இல்லை. உன் வீட்டுக்காரியின் கார் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை. முன்வாசல் விளக்கும் இல்லை. யார் செத்தது?”

வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் என்னைவிட நுட்பமாகக் குறித்துவைத்திருந்தார்.

“என் சித்தப்பா,” என்றேன். “கனடாவில்.”

“வயது?”

“தொண்ணூற்றொன்று.”

“எத்தனை நாள் வெளியே போகக்கூடாது?”

“முப்பத்தொன்று.”

“இன்று?”

“பதினோராம் நாள்.”

“போகக்கூடாத நாளில் வந்திருக்கிறாய். நான் கேட்டும் சொல்லவில்லை.”

“ஓம்,” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது.

அவர் கதிரையில் இருந்தார். கிண்ணத்தை உப்புப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நான் வாசலைப் பார்த்தேன். அந்த வருடம் பிழையாகத் தொடங்கிவிட்டது, அதைத் தொடக்கிவைத்தவன் நான் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். மனைவியிடம் என்ன சொல்வது என்றும் யோசித்தேன்.

“சொல்லவேண்டாம் என்று சொன்னது நான்,” என்றார் அந்த அம்மா.

ஐயா திரும்பிப் பார்த்தார். “நீயா?”

“நான்தான்.”

“நீ இதை நம்புவதில்லையே. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறாய். என் அம்மாவுக்கு முன்னாலேயே சிரித்தாய்.”

“இப்போதும் நம்பவில்லை.”

“அப்போ ஏன் ஒளித்தாய்?”

அந்த அம்மா நிலையைப் பிடித்திருந்த கையை எடுத்துச் சட்டையில் துடைத்தார். அது ஈரமாக இருக்கவில்லை. முத்துமாலையைத் தொட்டார். ஐயா அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்த அதே பார்வை, பாதத்திலிருந்து தலைவரை. நேரம் எடுத்துப் பார்த்தார்.

“நீயும் பயந்திருக்கிறாய், பெண்ணே,” என்றார் பிறகு. “அந்தப் படிவத்தை எடுத்துவா.”

அந்த அம்மா சமையலறைக்குள் போனார். காந்தம் தரையில் விழும் சத்தம் கேட்டது. படிவத்தைக் கொண்டுவந்து மேசையில், கேக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

“பேனா இருக்கா, லாட்?”

சட்டைப் பையில் இருந்ததைக் கொடுத்தேன். ஐயா கண்ணாடி போடாமல் கையெழுத்து வைத்தார். கோட்டுக்குச் சற்று மேலே விழுந்தது. பிறகு விஸ்கியைக் குடித்தார், கேக்கில் ஒரு துண்டு வெட்டி எனக்குத் தந்தார். நானும் தின்றேன். அவரிடம் எத்தனையோ கேட்க இருந்தது. அதில் ஒன்றை மட்டும் கேட்டேன்: இந்த வருடம் நல்லதாகத் தொடங்கியதா, கெட்டதாகவா?

“எனக்கெப்படித் தெரியும்?” என்றார். “என் அம்மா இருந்தால் சொல்லியிருப்பார். உன் மாதிரி ஒரு கேஸ் அவருக்கு வந்ததில்லை.”

வீட்டுக்கு வந்தபோது மனைவி கேற்றடியில் நின்றாள். உள்ளே வரவிடாமல் முதலில் காலைக் கழுவச் சொன்னாள்.

“சொன்னனீங்களோ?”

“அவருக்குத் தெரியும்.”

“ஆர் சொன்னது? மகளோ?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. மணி கேக்கேல்லையாம்.”

அவள் குழாயை மூடினாள். பக்கத்து வீட்டுக் குளியலறை யன்னலைப் பார்த்தாள். “எல்லாத்தையும் பாத்துக்கொண்டுதான் இருக்கினம்,” என்றாள். “கையெழுத்து?”

“வைச்சிட்டார்.”

“நீங்கள் துடக்கோடை போனதாலையோ, மஞ்சள் தண்ணியிலை குளிச்சதாலையோ தெரியாது. ஏதும் நடந்தால் நான் பொறுப்பில்லை.” உள்ளே போனவள் திரும்பி வந்தாள். “எத்தினையாம் திகதி எண்டு சொன்னவள் பிள்ளை?”

“எட்டு.”

எட்டாம் திகதி காலை ஐந்தரைக்கு டாக்ஸி வந்தது. ஐயா முன்னிருக்கையில் ஏறினார். அந்த அம்மா பின்னால் ஒரு சிறிய பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். என் மனைவி யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தாள், கையசைக்கவில்லை. அறுவைச் சிகிச்சை ஐந்து மணித்தியாலம் எடுத்தது. மூன்று அடைப்புகளுக்கு, காலிலிருந்து எடுத்த இரத்தக் குழாயை வைத்து மாற்றுவழி போட்டார்கள். இரண்டாம் இரவு காய்ச்சல் வந்து இறங்கியது.

அவர் வீடு வந்தது பத்தொன்பதாம் திகதி, பிற்பகல் இரண்டு மணிக்கு. எங்களுக்கு அன்று இருபத்தொன்பதாம் நாள், மணி இன்னும் சாத்திய சாமியறைக்குள்ளேயே இருந்தது.